ஈரத்துணியும் டிரையரும்: வாசகர் கேள்வி பதில்

பினாங்கில் செப்டம்பர் பிறந்தால் நவம்பர் முடிய மழைதான். கொடியில் போட்ட துணி மறுநாளும் காயாமல், அதற்கடுத்த நாள் ஒரு புளித்த வாடையோடு கைக்கு வரும். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் துணி உலர்த்தும் டிரையர் பற்றித்தான். நான் ஜெலுத்தோங்கில் டோபிக்கடை நடத்துகிறேன். தாத்தா ‘டோபி காட்’ என்ற துவைக்கும் துறையில் கல்லில் அடித்துத் துவைத்து, வெயிலில் காய வைத்தவர். எங்களுக்கு வெயிலின் வேலையை இப்போது மெஷின் செய்கிறது. அதை ஒழுங்காக ஓட்டினால் அது பெரிய உதவி. அலட்சியமாக ஓட்டினால் வீட்டுக்குள் நெருப்பை வைத்திருப்பதற்குச் சமம். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நாங்கள் கொண்டோவில் 12ஆம் மாடி. துணி துவைக்கும் யார்டில் 7 கிலோ டிரையர் இருக்கிறது. வாங்கின புதிதில் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. இப்போது இரண்டரை மணி நேரம் ஓடியும் ஜீன்ஸின் இடுப்புப் பட்டி ஈரமாகவே இருக்கிறது. யார்டு கண்ணாடியெல்லாம் வியர்க்கிறது. சூடேற்றும் கம்பிச்சுருள் (காயில்) போய்விட்டதா?
— வாசகி, பாயான் லெப்பாஸ்

ஓடும்போது நடுவில் ஒருமுறை நிறுத்தி டிரம்முக்குள் கை வைத்துப் பாருங்கள், தங்கச்சி. சூடு இருந்தால் காயில் நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணாடி வியர்க்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

சூடு மட்டும் துணியைக் காய வைக்காது. சூடான காற்று துணியிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். நம் ஊர்க் காற்று 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே 65 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் மழை நாளிலும் டிரையர் வேலை செய்கிறது. ஆனால் ஈரம் வாங்கிய அந்தக் காற்று யார்டுக்குள்ளேயே சுற்றினால், மெஷின் அதையே மறுபடி உறிஞ்சும். ஈரக் காற்றைக் கொண்டு ஈரத்துணியைக் காய வைக்க முடியுமா? பின்பக்கத்துக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விடுங்கள். குழாய் குட்டையாக, முடிந்தவரை நேராக இருக்கட்டும். மடிப்பு மடிப்பான பிளாஸ்டிக் குழாயின் மடிப்புகளில் பஞ்சுத் தூசி தங்கும், அதோடு அது எரியவும் செய்யும். இரும்புக்கடையில் அலுமினியக் குழாய் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். மெஷினுக்குப் புதுக் காற்றும் வேண்டும், ஆகவே ஓடும்போது யார்டு கதவோ ஜன்னலோ கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

அப்புறம் பஞ்சு வலை. ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் அதை எடுத்துத் துடைக்க வேண்டும், இதற்கு விதிவிலக்கே கிடையாது. துடைத்துவிட்டு, குழாயடியில் பிடித்து வலையின் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சட்டென்று கீழே இறங்கினால் நல்லது. வலையின் மேலேயே தண்ணீர் தேங்கி நின்றால், கண்ணுக்குத் தெரியாத ஒரு மெழுகுப் படலம் துளைகளை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். வாசனைக்காக ஊற்றும் சாஃப்ட்னரும், டிரையருக்குள் போடும் வாசனைத் தாள்களும் விட்டுப்போகும் படலம் அது. பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் வைத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேயுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். உங்கள் மெஷின் ஈரத்தைத் தானே கண்டுபிடித்து நிற்கும் வகை என்றால், டிரம்முக்குள் இரண்டு உலோகப் பட்டைகள் இருக்கும். அதே படலம் அவற்றிலும் படியும், கணக்குத் தப்பும். ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, துவைக்கும் மெஷினின் கடைசிச் சுற்று வேகம். 5 கிலோ பருத்தித் துணியை 800 சுற்றில் பிழிந்தால் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் தண்ணீர் துணியில் தங்கும், 1400 சுற்றில் பிழிந்தால் இரண்டரை லிட்டர்தான். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க, கொஞ்சமும் வீணாகாவிட்டாலும், 0.6 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். பிழிவதற்கு அதில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. ஆகவே நன்றாகப் பிழிந்து, உதறி, டிரம்மில் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் போடுங்கள். ஜீன்ஸைப் பெட்ஷீட்டோடு சேர்க்காதீர்கள். பெட்ஷீட் சுருண்டு பந்தாகி ஜீன்ஸை உள்ளே வைத்துக்கொள்ளும், காற்று அதைத் தொடவே தொடாது.

துவைத்து உலர்த்தும் ஒரே மெஷின் வாங்கினோம், 10 கிலோ. நிறையப் போட்டால் துணி கசங்கி ஈரமாக வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
— வாசகர், கெலுகோர்

இல்லை தம்பி. முகப்பு ஸ்டிக்கரில் இரண்டு எண்கள் இருக்கும். பெரிய எண் துவைப்பதற்கு, சிறியது உலர்த்துவதற்கு. 10 கிலோ துவைக்கும் மெஷின் பெரும்பாலும் 6, 7 கிலோதான் உலர்த்தும். துவைத்து முடிந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெளியே எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, மிச்சத்துக்கு உலர்த்தும் பட்டனை அழுத்துங்கள்.

மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கும் அவளுக்கும் தினமும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறோம். துண்டுகளை மெஷினில் துவைத்து டிரையரில் போட்டால் காய்ந்த பிறகும் எண்ணெய் வாடை வருகிறது, தொட்டால் மிகவும் சூடாக இருக்கிறது. இது பரவாயில்லையா?
— வாசகி, ஆயர் ஈத்தாம்

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன், அம்மா. இந்தப் பதிலை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

எண்ணெய் ஊறிய துணி தானாகவே சூடாகும். நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், ஆளி விதை எண்ணெய் போன்றவை காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேரும்போது வெப்பத்தை வெளியிடும். கொடியில் விரிந்து கிடக்கும் துண்டில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. டிரையரில் சூடேறிய துண்டுகளைக் கூடையில் குவித்து வைத்தால், நடுவில் இருக்கும் வெப்பத்துக்குப் போக இடம் இல்லை. சூடு ஏற ஏற எண்ணெய் இன்னும் வேகமாக ஆக்ஸிஜனோடு சேரும், அதனால் சூடு இன்னும் ஏறும். மணிக்கணக்கில் இப்படியே போய், நெருப்பே வைக்காமல் துணி பற்றிக்கொள்ளும். ஆளி விதை எண்ணெயில் இந்தக் குணம் மிக அதிகம். நல்லெண்ணெய் நடுத்தரம். தேங்காய் எண்ணெயில் குறைவு, ஆனால் கடையில் வாங்கும் தலை எண்ணெய்களில் பல எண்ணெய்கள் கலந்திருக்கும் என்பதால் அதையும் நம்பக்கூடாது.

எங்கள் கடைக்கு மசாஜ் நிலையத் துண்டுகள் வருவதுண்டு. ஒருமுறை உலர்த்தி எடுத்த கூடை மேசைக்கு அடியிலேயே இருந்துவிட்டது. மடிக்க எடுத்தபோது மேலே இருந்த துண்டுகள் ஆறிப்போயிருந்தன. கையை நடுவே விட்டேன். மெஷினிலிருந்து எடுத்தபோது இருந்ததைவிட அங்கே சூடு அதிகம், பழைய பெயிண்ட் டின்னைத் திறந்தால் வருமே, அந்த வாடை. எல்லாவற்றையும் அப்படியே சிமென்ட் தரையில் ஒற்றை ஒற்றையாக விரித்துவிட்டோம். அன்றிலிருந்து எங்கள் கடையில் எண்ணெய்த் துண்டு டிரையருக்குள் போவதில்லை, எவ்வளவு துவைத்திருந்தாலும் சரி.

நம் வீடுகளில் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில்தான் துவைக்கிறோம். பச்சைத் தண்ணீருக்கு எண்ணெய் முழுதாகப் போகாது. வாளியில் நல்ல சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஊற்றி அரை மணி நேரம் ஊற வையுங்கள். அப்புறம் மெஷினில் 60 டிகிரியில், வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சோப்புப் போட்டுத் துவையுங்கள். துவைத்த துண்டை முகர்ந்து பாருங்கள். எண்ணெய் வாடை கொஞ்சம் இருந்தாலும் கொடிதான், மழையானாலும் ஃபேனுக்கு அடியில் விரித்துப் போடுங்கள். பச்சைக் குழந்தை இருக்கிற வீடு, இதில் சமாதானம் வேண்டாம். அடுப்படித் துணிக்கும், வடை பொரிக்கும்போது கட்டியிருந்த ஏப்ரனுக்கும் இதே சட்டம்தான்.

டிரையர் கடைசிப் பத்து நிமிடம் சூடில்லாமல் வெறுமனே சுற்றுகிறதே, அது எதற்கு என்று பலர் கேட்பார்கள். துணியை ஆற வைக்கத்தான். நேரம் மிச்சம் என்று அதை நிறுத்திவிட்டு எடுத்துக் குவிக்காதீர்கள். நடுவில் கரண்ட் போய்விட்டால் கதவைத் திறந்து, துணிகளை உடனே வெளியே எடுத்து விரித்துவிடுங்கள்.

எந்தத் துணியை டிரையரில் போடலாம், எதைப் போடக்கூடாது? என் கணவரின் வேட்டி முழங்காலுக்கு வந்துவிட்டது.
— வாசகி, பட்டர்வொர்த்

சட்டைக் காலரிலோ பக்கத் தையலிலோ ஒரு சின்ன லேபிள் இருக்கும். சதுரத்துக்குள் ஒரு வட்டம் போட்டிருந்தால் டிரையரில் போடலாம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு புள்ளி என்றால் வழக்கமான சூடு. குறுக்கே அடித்திருந்தால் போடவே கூடாது. வேட்டியிலும் புடவையிலும் இந்த லேபிள் பெரும்பாலும் இருப்பதில்லை, அதனால்தான் குழப்பம்.

பட்டு எதுவும் வேண்டாம். ஜரிகை, கண்ணாடி, மணி, ஜிகினா வைத்துத் தைத்ததும் வேண்டாம். ஜரிகை உரசி உரசிப் பிரிந்துவிடும். பருத்தி வேட்டியும் ஜிப்பாவும் சுருங்குவதற்குச் சூடோடு உருட்டலும் காரணம், அளவுக்கு மேல் காய வைப்பதும் காரணம். குறைந்த சூட்டில், லேசாக ஈரம் இருக்கும்போதே எடுத்து, இழுத்து உதறி, நிழலில் போடுங்கள். இஸ்திரி போடவும் அந்த ஈரம் உதவும். பள்ளிச் சீருடைச் சட்டை பாலியெஸ்டர் கலந்ததாக இருந்தால் குறைந்த சூட்டில் தாராளமாகப் போடலாம். ரப்பர் எழுத்து ஒட்டிய விளையாட்டுச் சட்டைகள் பாழாகும்.

நுரை ரப்பர் வைத்த எதுவும் டிரையருக்குள் போகக்கூடாது. ரப்பர் அடிப்பாகம் உள்ள கால்மிதி, ஃபோம் தலையணை, உள்ளே கப் வைத்துத் தைத்த உள்ளாடை, மழைக்கோட்டு, எல்லாம் இதில் அடக்கம். இவை சூட்டில் தாமாகவே எரியக்கூடியவை.

சட்டைப் பைகளை நன்றாகப் பாருங்கள். கோயிலுக்குப் போய் வந்த சட்டையில் சூடப் பாக்கெட்டும் தீப்பெட்டியும் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். தைப்பூசம் முடிந்த வாரத்தில் எங்கள் கடையில் பைகளிலிருந்து எடுத்து வைக்கும் சூடம் ஒரு டப்பா நிறையும். டிரையர் சூட்டில் சூடம் ஆவியாகும், அந்த ஆவி எளிதில் பற்றிக்கொள்ளும். லைட்டர் அதைவிட மோசம். விபூதியும் மஞ்சளும் ஆபத்தில்லை, ஆனால் மஞ்சள் வேட்டியை வெள்ளைத் துணியோடு சேர்க்காதீர்கள்.

சுவரில் இருக்கும் பிளக் வரை ஒயர் எட்டவில்லை. அதனால் எக்ஸ்டென்ஷனில் டிரையரையும் துவைக்கும் மெஷினையும் சொருகியிருக்கிறேன். பிளக்கைத் தொட்டால் கை சுடுகிறது, பிளக்கின் ஒரு கால் பழுப்பாகிவிட்டது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதுமா?
— வாசகர், பிறை

போதாது, ஐயா. இதைப் படித்து முடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

சூடேற்றும் டிரையர் 2,000 முதல் 2,500 வாட் வரை இழுக்கும். நம் 240 வோல்ட்டில் அது 10 ஆம்பியருக்குப் பக்கம். மூன்று கால் பிளக்கும் அதன் ஃபியூசும் 13 ஆம்பியருக்குச் செய்யப்பட்டவை. டிரையர் ஒன்றே அதன் பெரும்பகுதியை ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் எடுக்கிறது. தண்ணீரைச் சூடாக்கும் துவைக்கும் மெஷினையும் அதோடு சேர்த்தால் எக்ஸ்டென்ஷன் ஒயர் தாங்காது. பழுப்பு நிறம் என்றால் உள்ளே பிடிப்புத் தளர்ந்து கருகத் தொடங்கிவிட்டது. பிளக் மட்டுமல்ல, அது சொருகியிருந்த துளையும் கெட்டிருக்கும். எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு, டிரையருக்கென்று தனியாகச் சுவரில் ஒரு பிளக் வைக்கச் சொல்லுங்கள். பிளக்கும் சுவிட்சும் சிரிம் (மலேசியத் தர நிறுவனம்) முத்திரை உள்ளதாக இருக்கட்டும். ஆகிற செலவு ஆகட்டும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இரவு படுக்கும்போது போட்டுவிட்டால் காலையில் காய்ந்திருக்கும். என் மாமியார் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?
— வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. 2016 ஆகஸ்டில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 18 மாடிக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்தது. ஏழாம் மாடி வீட்டில் ஓடிக்கொண்டிருந்த, கோளாறான ஒரு டிரையரில்தான் அது தொடங்கியது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையிலான தீவிபத்துகளைக் கணக்கெடுத்தது. அங்கே வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள், காரணங்களில் முதலிடம் சுத்தம் செய்யாமல் விட்டதற்கு, 34 சதவீதம். அதாவது மூன்றில் ஒன்று பஞ்சைத் துடைத்திருந்தாலே தவிர்த்திருக்கக்கூடியது.

நீங்கள் விழித்திருக்கும்போது, வீட்டில் இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். கருகல் வாடையோ புகையோ வந்தால் கதவைத் திறக்காதீர்கள், திறந்தால் உள்ளே இருக்கும் நெருப்புக்குக் காற்று கிடைத்துவிடும். கைக்கு எட்டினால் சுவிட்சை, இல்லாவிட்டால் மெயினை அணையுங்கள். எல்லோரையும் வெளியே அழைத்துக்கொண்டு போய் 999 அழைத்து பொம்பாவை (தீயணைப்புப் படையை) கூப்பிடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால், காலியான டிரையரின் கதவு எப்போதும் மூடியே இருக்கட்டும், உள்ளே ஏறி ஒளிந்துகொள்ளும் வயது.

டோபிக் கடைகளில் இருப்பதுபோல் கேஸ் டிரையர் வாங்கி, 14 கிலோ கேஸ் தோம்பு (சிலிண்டர்) வைத்து அடுப்படியில் ஓட்டலாமா? சீக்கிரம் காயுமாமே.
— வாசகர், தஞ்சோங் பூங்கா

சீக்கிரம் காயும், உண்மை. ஆனால் அதில் எரிவது தீ. அதன் புகைக்காற்றில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கலாம், நிறமும் இல்லை, வாடையும் இல்லை, மூடிய அறையில் ஆளைக் கொல்லும். குழாய் கட்டாயம் கட்டடத்துக்கு வெளியே போக வேண்டும், பொருத்துவதற்குத் தகுதியான ஆள் வேண்டும். தரை வீட்டில், பின்கட்டு திறந்திருந்தால் யோசிக்கலாம். அடுக்குமாடி அடுப்படியில் வேண்டாம்.

டிரையர் வாங்கப் போகிறோம். சூடேற்றுவது 1,000 வெள்ளிக்கு உள்ளேயே கிடைக்கிறது, ஹீட் பம்ப் என்பது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சொல்கிறார்கள். எதை வாங்குவது?
— வாசகி, ஜார்ஜ்டவுன்

எவ்வளவு அடிக்கடி ஓட்டுவீர்கள் என்பதைப் பொறுத்தது. 7 கிலோ பருத்தித் துணிக்குச் சூடேற்றும் வகை ஏறக்குறைய 4 யூனிட் எடுக்கும். ஹீட் பம்ப் அதில் பாதி. கணக்குக்கு யூனிட் 50 காசு என்று வைத்தால் ஒரு முறைக்கு இரண்டு வெள்ளி, ஒரு வெள்ளி. தினமும் ஓட்டும் பெரிய குடும்பம் என்றால் மாதம் 30 வெள்ளி மிச்சம், மூன்று நான்கு வருடத்தில் விலை வித்தியாசம் வந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் என்றால் சாதாரண வகையே போதும், அல்லது தெருமுனை டோபியே போதும்.

ஆனால் கொண்டோவில் குழாயை வெளியே விட இடமே இல்லை என்றால், யோசிக்காமல் ஹீட் பம்ப் வாங்குங்கள். அது ஈரத்தைத் தண்ணீராக்கித் தொட்டியில் பிடிக்கிறது, யார்டு வியர்க்காது. சூடும் குறைவு, துணி அதிக நாள் உழைக்கும். நேரம்தான் கூடுதலாக எடுக்கும், இரண்டிலிருந்து மூன்று மணி. ஒவ்வொரு முறையும் தொட்டித் தண்ணீரைக் கொட்ட வேண்டும் அல்லது சிறு குழாயை வடிகாலில் விட வேண்டும். கீழே உள்ள தகடுகளில் பஞ்சு சேரும், மெஷினோடு வரும் கையேட்டில் சொன்னபடி சுத்தம் செய்யுங்கள். கடைக்காரர் லாரியில் படுக்க வைத்துக் கொண்டு வந்தால், இறக்கியதும் போடாதீர்கள். உள்ளே ஃபிரிட்ஜில் இருப்பதுபோல் கம்ப்ரஸர் இருக்கிறது. ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். துவைக்கும் மெஷின் மேல் அடுக்குவதாக இருந்தால், அந்த மாடலுக்கென்று விற்கும் இணைப்புச் சட்டத்தையும் சேர்த்து வாங்குங்கள், வெறுமனே தூக்கி வைக்க வேண்டாம்.

அடுத்த இதழுக்கு எழுதுபவர்கள் மெஷினின் பின்பக்கத்திலோ கதவின் உள்விளிம்பிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். வாட் எவ்வளவு, எந்த வகை என்று தெரிந்தால்தான் சரியான பதில் சொல்ல முடியும்.